மாமனாரின் சம்மதம்

சீனப் பண்பாட்டை நேரில் தெரிந்துகொள்ள ஆசிரியர்களை அழைத்துப்போகும் பயணத்துக்கு மேனகா டீச்சர் தேர்வாகியிருந்தாள். பூண்டி ஊரே வாழ்த்தியது. மாமனாரிடம் சொல்லத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாடசாமி பழைய பட்டாளத்துக்காரர். அறுபத்திரண்டாம் ஆண்டு சீனப் போரில் கைதியாகி, பனியில் இரண்டு கால்விரல்களை இழந்து வந்தவர். டிவியில் சீனா என்று வந்தாலே எழுந்து போய்விடுவார்.

"எங்கப்பாகிட்ட நீயே பேசிக்க" என்று கணவன் மதன் நழுவிவிட்டான்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றாள் மேனகா.

"மாமா, என்னைய டூருக்குச் சீனாவுக்கு அனுப்புறாங்க. நீங்க வேணாம்னா போகலைங்க."

மாடசாமியின் கை நின்றது. பூண்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"இந்தக் காலையே வெட்டி எடுக்கணும்னாங்க தாயி. அங்க கைதி முகாம்ல ஒரு சீன டாக்டரம்மா விடல. தெனமும் மருந்து போட்டுச்சு. ரெண்டு வெரலு போனதோட காலு பொழச்சுச்சு. எதிரியப் புகழுறான்னு சொல்வாங்கன்னு நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. டிவியில அவுகள ஏசுறதக் கேக்கவும் மனசு வரல."

மேனகா அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப்போனது.

"அப்போ நான் போகட்டுங்களா மாமா?"

"நல்லாப் போயிட்டு வா. எனக்குப் பாஷை தெரியாததால அந்தம்மாவுக்கு நன்றிகூடச் சொல்லாம வந்துட்டேன். அங்க யாராவது ஒரு டாக்டரப் பாத்தா, எனக்காகச் சொல்லிரு."

மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தேடினாள். "நன்றிக்கு ஷியே ஷியேன்னு சொல்லணுமாம் மாமா."

மாடசாமி பொக்கை வாயால் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னார்.