பலகையோடு ஆறு கோப்பைகள்

மொட்டைமாடியில் ஆறிக்கிடந்த மின்சூளையைத் திறந்ததும் சுகந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளை அவளுடைய முதல் கண்காட்சி. அதற்கென்று வனைந்த ஆறு கோப்பைகளும் சூளைப்பலகையில் கல்லாக ஒட்டியிருந்தன. கோப்பையின் அடியில் மட்டும் பளபளப்புப் பூச்சு படக்கூடாது. பட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

"அடியில பூச மறந்துட்டியேன்னு நான்தாம்மா பூசி வெச்சேன்," என்றான் கணவன் தயாளன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திருக்குமா?"

பலகையை அப்படியே தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஆறு கோப்பைகளிலும் விளிம்புவரை காபி ஊற்றினாள்.

"குடிங்க."

"ஆறையுமா? எப்படிடி தூக்குறது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தயாளன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் கோப்பையை நோக்கிக் குனிந்தான்.