கைப்பட மடித்தவை

ஒரு மாதமாகக் கணவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறான். கேட்டால் ஆபீஸ் வேலை என்பான். சந்தேகம் அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று வாய்விட்டுக் கேட்கப் போய், வீடே இரண்டுபட்டது.

இன்று அவர்களுடைய கல்யாண நாள். உள்ளே நுழைந்தவன் ஒரு கண்ணாடி ஜாடியை அவள் கையில் வைத்தான். ஜாடி நிறையக் குட்டிக் குட்டிக் காகித நட்சத்திரங்கள்.

"இதுக்காகத்தான் தினமும் ஆபீஸ்லயே உட்கார்ந்திருந்தேன். அத்தனையும் என் கையால மடிச்சது."

சோபாவில் இருந்த நாத்தனார் கைதட்டினாள். "துண்டைக்கூட ஒழுங்கா மடிக்கத் தெரியாத எங்கண்ணன், அண்ணி! இவரைப் போயா சந்தேகப்பட்டீங்க?"

அவள் ஜாடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாமே நீங்கதான் மடிச்சீங்களா?"

"சத்தியமா. விரலெல்லாம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"சந்தோஷத்துல அண்ணிக்கு நம்பவே முடியலை பாரு!" என்று சிரித்தாள் நாத்தனார்.

அவள் ஒரு நட்சத்திரத்தை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். காகிதத்தின் உட்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனை வால்.

"நம்ம பொண்ணு வரைஞ்ச பூனை. கலர் பேப்பர் தீர்ந்துபோன அன்னிக்கு இதைத்தான் நறுக்கினேன்," என்றாள் மெதுவாக. "முக்குல இருக்கிற கிஃப்ட் கடைக்கு இதெல்லாம் மடிச்சுக் கொடுக்கிறது நான்தான். உங்களுக்கு ஒரு வாட்ச் வாங்கலாம்னு, சொல்லாம செஞ்சேன்."

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இப்பச் சொல்லுங்க. சாயங்காலமெல்லாம் எங்க இருந்தீங்க?"