சின்ன டிவிக்கு வந்த படம்

படுக்கையறையில் ஒரு சின்ன டிவி துணி போர்த்திக் கிடந்தது. பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு அடிபட்டதிலிருந்து அதற்கு உயிரே இல்லை. கடைசியில் ஒருநாள், ஹாலில் பெரிய டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து அதற்கும் கொடுத்தார்கள். படம் பளிச்சென்று வந்தது.

"அண்ணே, எனக்குன்னு தனியா சேனல் உண்டுல்ல?" என்று பாக்ஸிடம் கேட்டது சின்ன டிவி.

"ஹால்ல இருக்கிற பெரியவருக்கு எதுவோ அதேதான் உனக்கும், தம்பி. அவருக்கு மாத்தினா உனக்கும் மாறும்" என்றது பாக்ஸ்.

துணிக்குள் கிடந்த நாட்களை நினைத்துச் சின்ன டிவி அதற்கும் சரி என்றது.

சாயங்காலம் பக்கத்திலிருந்த பீரோ கேட்டது: "ஹாலிலயும் இதே அழுகைதான் கேக்குது. ரெண்டு பேரும் ஒரே சீரியலா?"

"என்ன பண்றது அக்கா" என்று அலுத்துக்கொண்டது சின்ன டிவி. "பெரியவருக்குச் சொந்த புத்தி கிடையாது. நான் எதைப் போட்டாலும் அப்படியே காப்பியடிக்கிறார்."