சுவீகார முகூர்த்தம்

போருக்கு ஆதரவாகக் கைதூக்கும் அமைச்சர் தம் மகன் ஒருவனைப் போர்முனையின் முதல் வரிசைக்கு அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. மறுநாளே அமைச்சர் தணிகாசலத்துக்குச் சமையற்காரி பூரணத்தின் மகன்மேல் பாசம் பொங்கி வழிந்தது.

சுவீகார மண்டபத்தில் நாற்பது அமைச்சர்கள். நாற்பது மடியிலும் மீசை முளைத்த குழந்தைகள். எல்லாம் டிரைவர், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பூரணம் பூரித்து நின்றாள்.

தணிகாசலம் மைக்கைப் பிடித்தார். "எங்க பிள்ளைகளையே அனுப்புறோம்னா, இந்தப் போர் எவ்வளவு நியாயமா இருக்கணும், யோசிங்க!"

கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. அப்போதுதான் விஷயம் புரிந்த பூரணம் மேடைக்குப் பாய்ந்து மகன் கையை இழுத்தாள். "எந்திரிடா கதிரேசா, வீட்டுக்குப் போவோம்!"

அமைச்சர் அவனை இறுக்கிக்கொண்டார்.

"என் பிள்ளையைக் கூப்பிட நீ யாரும்மா?"