மூன்றாவது ஓட்டை

பிரேம்நாத் எடை மெஷினில் கால் வைப்பதற்குள் நிஷா பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், நம்பரை வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. எழுதிக்குங்க, போதும்."

நர்ஸ் முனவ்வர் பேகம் நிமிர்ந்து பார்த்தாள். "இது எடை குறைக்கிற வகுப்பும்மா. நம்பரைச் சொல்லாம, இன்னா ராசிபலனா சொல்றது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோருமே மனநலப் பிரிவில் மாத்திரை வாங்குகிறவர்கள். எல்லோருக்குமே அந்த மாத்திரை தூக்கத்தோடு தொப்பையையும் சேர்த்துக் கொடுத்திருந்தது.

நிஷா சிரிக்கவில்லை.

முன்பொரு முறை, ஏறிய தொப்பையைப் பார்த்துவிட்டுத்தான் அவள் புருஷன் பிரேம்நாத் மாத்திரையைத் தூக்கி எறிந்தான். கொஞ்ச நாளில் காதுக்குள் குரல்கள் திரும்பி வந்தன. பிறகு ஆளையே காணோம். ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் கண்டுபிடித்தபோது, அவளையே யாரென்று கேட்டான்.

இன்னொரு தடவை அதைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

அதனால்தான் பெல்ட்.

ஆம்பூரில் அவளுக்கு பெல்ட் கம்பெனியில் வேலை. அவன் இடுப்பு பெருக்கும்போதெல்லாம் அதே நிறம், அதே பக்கிள், இரண்டு விரற்கடை நீளம் கூடுதலாக ஒரு பெல்ட் கொண்டுவருவாள். எண்ணெய் தடவிக் கசக்கிப் பழசாக்குவாள். அவன் குளிக்கப் போகிற நேரம் பார்த்து மாற்றிவிடுவாள். பேன்ட் தையலையும் சத்தமில்லாமல் பிரித்து விடுவாள்.

"பாத்தியா, இன்னும் மூணாவது ஓட்டைதான்" என்பான்.

"அதான் சொல்றேனே, கொஞ்சம்கூட ஜாஸ்தியாவல" என்பாள்.

ராத்திரி மாத்திரையை விழுங்குவான். அப்புறம்தான் அவளுக்கு உயிரே வரும்.

இப்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் இங்கே அனுப்பிவிட்டார். பெல்ட்டை ஏமாற்றலாம், மெஷினை எப்படி ஏமாற்றுவது?

"தள்ளு நிஷா."

தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு ஏறினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தொண்ணூத்தி ஆறு." படித்தது நர்ஸ் இல்லை, அவன். "ரெண்டு கிலோ கம்மியா இருக்கும்னு நெனச்சேன் சிஸ்டர்."

நிஷா கண்ணைத் திறந்தாள்.

"தோல் கம்பெனில தரம் பிரிச்சவன் நானு" என்று அவன் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பசுமாட்டுத் தோல் பெல்ட்டை எடுத்துட்டு எருமைத் தோல் பெல்ட்டை மாட்டி வெக்கிறா. எனக்குத் தெரியாதாம்!"

வரிசை மறுபடி சிரித்தது. நிஷா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா தெனம் மாத்திரை போட்டீங்க?"

அவன் மெஷினிலிருந்து இறங்கினான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

"மொத பெல்ட்டப் பாத்த அன்னிக்குதான் நிஷா, இனிமே மாத்திரைய விடக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்."