மாற்று சர்வர்

ஆம்புலன்ஸ் உதவி மையத்தின் சர்வர் சூடேறிக்கொண்டே போனது. மாற்று சர்வருக்கு மாறினால் மையம் பிழைக்கும். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும். சர்வர்களைக் கண்காணிக்கும் பர்வீன் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டீபன், யாரோ ஒரு கணவனுக்குத் தொலைபேசியில் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"தலை தெரியுதாண்ணே? இழுக்காதீங்க, தாங்கிப் பிடிங்க."

"மாத்தும்மா, மொத்தமாப் படுத்துடப் போகுது," என்றார் மேலாளர் தணிகாசலம்.

"ஒரு நிமிஷம் சார்."

திரை முழுக்கச் சிவந்தது. பர்வீன் அழுத்திவிட்டாள்.

"அண்ணே... ஹலோ!" ஸ்டீபன் கத்தினான்.

மாற்று சர்வர் எழுந்தது. எல்லா விளக்கும் பச்சை. முதல் அழைப்பே அதே எண். ஸ்டீபன் ஸ்பீக்கரில் போட்டான். குழந்தை வீறிட்டு அழுதது.

"அண்ணே, அண்ணி கண் முழிச்சிருக்காங்களா?"

பர்வீன் எழுந்து நின்றாள். மறுமுனையில் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.