தங்கையன் போட்ட ஓட்டு

"லே தங்கையா, முதல் இடம் நம்ம ராஜா படத்துக்கு. ஓர்மை இருக்கட்டும்."

மாடிப்படி ஏறும்போதே பூதலிங்கம் பிள்ளை சொல்லிவிட்டார்.

"மொதலாளி, இது ரகசிய ஓட்டில்லா?"

"ரகசியம் மத்தவனுக்கு. எனக்கில்ல. மனசிலாச்சா?"



ஆரியசாலையில் பிள்ளையின் அரிசி மண்டியில் தங்கையன் கணக்கப்பிள்ளை. திருவனந்தபுரத்துத் தமிழ்க் கலாரசிகர் சபைக்குப் பிள்ளைதான் தலைவர். அந்த வருஷம் ஊருக்கு வந்த படங்களில் சிறந்ததற்குச் சபை தங்கக் கோப்பை கொடுக்கப்போகிறது. நடுவர்கள் ஐந்து பேர். சினிமாப் பைத்தியம் என்று தங்கையனையும் அதில் சேர்த்துவிட்டது பிள்ளைதான்.

கடைசிச் சுற்றில் மூன்று படங்கள். ராஜா படத்தில் பிள்ளையின் மச்சினன் பகவதிப்பெருமாளுக்குப் பங்கு உண்டு. பிள்ளை, தங்கையன், பிள்ளையின் சிநேகிதரான ஜவுளிக்கடைக்காரர் மூவரும் அதற்குப் போடவேண்டும் என்று ஏற்பாடு. சாமி படத்துக்கு ஒரு கொட்டகை முதலாளி மற்ற இரண்டு நடுவர்களைப் பிடித்து வைத்திருந்தார்.

மூன்றாவது படத்துக்கு யாருமில்லை. பஞ்சத்தில் அரிசியைப் பதுக்கும் ஒரு வியாபாரியின் கதை. உலக யுத்தம் முடிந்தும் ஜனங்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. வியாபாரிகளின் கோபத்துக்குப் பயந்து கொட்டகைக்காரர்கள் அந்தப் படத்தைச் சீக்கிரமே தூக்கிவிட்டார்கள். தங்கையன் அதைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருந்தான்.

அதற்கு முதல் இடம் போட்டால்?

எதிர்த்து ஒரு வார்த்தை பேசிய எடைக்காரனைப் பிள்ளை அன்றைக்கே வெளியே தள்ளியது ஞாபகம் வந்தது. வீட்டில் மனைவி செல்லபாய் நிறைமாதம்.

மாடியில் ஜன்னலோரமாகப் பகவதிப்பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓட்டு எண்ணுவதற்குப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ரத்னாபாயை அழைத்திருந்தார்கள்.

"முதல் இடத்துக்கு மூணு மார்க்கு, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு ஒண்ணு. கூட்டிப் பாத்து அதிகம் எதுக்கோ அதுக்குக் கோப்பை. சீட்டுல உங்க பேரு எழுதாண்டாம்" என்றாள் டீச்சர்.

தங்கையன் பென்சிலை எடுத்தான். பக்கத்து நாற்காலியில் பிள்ளை தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். முதல் இடத்தில் ராஜா படத்தை எழுதிவிட்டான்.

இரண்டாவதைப் பற்றி யாரும் மிரட்டவில்லை. அதில் அரிசிப் படத்தை எழுதினான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

ரத்னாபாய் டீச்சர் கூட்டிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் கூட்டினாள்.

"சாமி படம் ஒன்பது. ராஜா படம் பத்து. அரிசிப் படம் பதினொண்ணு."



"அதெப்படி?" பகவதிப்பெருமாள் எழுந்துவிட்டான்.

"ராஜா படத்து ஆளுக சாமி படத்தை மூணாவதா தள்ளியிருக்கு. சாமி படத்து ஆளுக ராஜா படத்தைத் தள்ளியிருக்கு. அரிசிப் படத்தை நாலு பேரு ரெண்டாவதா போட்டிருக்கு." டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "ஒருத்தர் முதல் இடமே குடுத்திருக்கு."

"நம்ம ஆளு மூணு பேரு. ராஜா படத்துக்கு எத்தனை முதல் இடம்?"

"ரெண்டு."

பகவதிப்பெருமாள் நேராகத் தங்கையன் முன்னால் வந்து நின்றான்.

"அந்தப் படத்தைப் பாத்துட்டு கொட்டகையில உக்காந்து அழுதவன் நீதானேலே?"

"ஐயா, வேதபுஸ்தகத்து மேல சத்தியமா... நான் ராஜா படத்துக்குத்தான் போட்டேன்."

"பொய்! அத்தான், இவனை இப்பமே வேலையை விட்டு நிறுத்தும். உம்ம சோத்தைத் தின்னுட்டு அரிசி வியாபாரியைத் திட்டுற படத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கான். ஆரியசாலையில வேற எவனும் இவனுக்கு வேலை குடுக்கப்படாது!"

ஜவுளிக்கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையன் பிள்ளையின் காலில் விழப் போனான்.

பிள்ளை அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அவனை விடு பகவதி. அவன் நான் சொன்னபடிதான் போட்டிருக்கான்."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அரிசிப் படத்துக்கு முதல் இடம் போட்டது நான்."

பகவதிப்பெருமாள் அத்தானையே வெறித்துப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

தங்கையன் மட்டும் போகவில்லை.

"மொதலாளி... நீங்கதானே ராஜா படத்துக்குப் போடச் சொன்னீங்க?"

"சொன்னேன். மச்சினனுக்கு வாக்குக் குடுத்தாச்சு, சொன்னேன். ஆனா பென்சிலை எடுத்தா, அந்தப் படத்துல பட்டினியில செத்த பிள்ளை வந்து முன்னால நிக்கி. அது என் மண்டி வாசல்ல கெடந்த மாதிரியே இருந்துதுடே."

பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அழுதது எனக்கும் தெரியும். நீயாவது எனக்குப் பயப்படாம அதுக்குப் போட்டிருப்பேன்னுல்லா நெனச்சேன்!"